விண்ணப்பத்தின் அருகே அமர ஒருவர்

தீர்த்தமலையில் மாசி மகத் திருவிழாவும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வருகின்றன. மலைமேல் தீர்த்தமாட வெளியூரார் வண்டி வண்டியாக வந்திறங்கும் நாள்களில், அடிவாரத்துப் பிள்ளைகள் திண்ணையிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் அமர்ந்து வேதியியல் சமன்பாடுகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். ஒலிபெருக்கியை அவர்களுக்காக யாரும் நிறுத்துவதில்லை. ஆயினும் எழுதிவிடுகிறார்கள். மே மாதத்தின் முதல் பத்து நாள்களுக்குள் முடிவு வெளியாகிறது. பள்ளி வாயிலில் பதாகை எழுகிறது: முதல் மூன்று இடம் பெற்றோரின் படம், மதிப்பெண், வாழ்த்துவோர் பெயர். நம்மைப் போன்றோர் சென்று சால்வை போர்த்தி, பேனா ஒன்றைப் பரிசளித்து, நன்றாகப் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். ஆடி மாதத்தில் அதே பதாகை எங்கோ ஒரு வீட்டுக் கூரையின் ஒழுகலை மறைத்துக் கிடக்கும். படத்தில் இருந்த பிள்ளை எங்கே என்று கேட்டால், "திருப்பூர் போயிருக்குதுங்க" என்பார் தாய்.

இந்த ஒரு விடைக்காகவே நாம் எழுதத் துணிந்தோம். அரசோடு சண்டையிட நாம் வரவில்லை; அதற்கு வேறு இடம் உண்டு. ஆண்டுக்கொருமுறை 'உயர்கல்வி வழிகாட்டு முகாம்' என்று மண்டபத்தில் நாற்காலி போட்டு, மூன்று மணி நேரம் ஒலிவாங்கியில் பேசி, கையேடு கொடுத்து, தேநீர் வழங்கி, படம் பிடித்துக்கொண்டு கலைந்துவிடும் நம் போன்றவர்களோடுதான் சண்டை. பட்டதாரிகளும் பள்ளி நடத்துவோரும் சங்கம் வைத்திருப்போரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இவ்வட்டத்துக்குள் வருவர். நாமும் அதற்குள்தான் நிற்கிறோம்.

முதலில் நம் பெருமையைச் சற்றே உரசிப் பார்ப்போம். உயர்கல்வியில் சேருவோர் வீதத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி என்று மேடைதோறும் முழங்குகிறோம். பொய்யில்லை. 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வின்படி நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு, தமிழ்நாடு 47. ஆனால் சராசரி என்பது ஆழம் தெரியாத ஏரியின் மேல் விரித்த பாய். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது, தருமபுரி மாவட்டத்தினது 68.5. மாவட்டங்களில் அதுவே கடைசி இடம். அன்று முதல் வகுப்பில் இருந்த குழந்தைகள் இன்று கல்லூரி வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரில் எத்தனை பேர் ஒரு விண்ணப்பப் படிவத்தை எழுத்துக் கூட்டியேனும் படிக்க வல்லவர்களாக இருந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய கணிதம் வேண்டியதில்லை.

இதற்கு எதிராக உடனே எடுத்துக்காட்டுகள் நீட்டப்படும். 2024இல் திருச்சி மாவட்டத்துப் பச்சமலையின் பழங்குடி மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.யில் இடம் பெற்றார். 2025இல் சேலம் மாவட்டக் கல்வராயன் மலை, கருமந்துறைப் பள்ளியின் மாணவி ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.க்குத் தேர்வானார். நாளிதழ்கள் அவர்களைக் கொண்டாடின, நாமும் கொண்டாடினோம். இருவரும் தம் உழைப்பால் உயர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்செய்தியைப் படித்துவிட்டு, மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று நாளிதழை மடித்து வைக்கிறோமே, அவ்விடத்தில்தான் நம் குற்றம் தொடங்குகிறது. ஒருவர் ஏறிய பின் அந்த ஏணி எல்லார் வீட்டு வாசலிலும் நிற்பதாக எண்ணிக்கொள்கிறோம். 430 மதிப்பெண் எடுத்த பிள்ளையை எந்த நாளிதழும் தேடி வராது. தீர்த்தமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பாலோர் அந்த 430தான்.

அந்தப் பிள்ளை என்ன செய்தாக வேண்டும் என்பதைப் பொறுமையோடு பார்ப்போம். முகாம்களில் இப்பகுதியை ஒரே வரியில் 'தேவையான சான்றிதழ்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி முடிப்பது வழக்கம். அந்த ஒரு வரிக்குள் ஓராண்டு வேலை இருக்கிறது.

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் யாரும் பட்டம் பெற்றதில்லையெனில் முதல் பட்டதாரிச் சான்று. இவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு சான்றுக்கு 60 ரூபாய். அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று கோப்பு நகரும். பழங்குடியினர் சான்றெனில் கோட்டாட்சியர் வரை செல்ல வேண்டும், விசாரணை உண்டு. விண்ணப்பத்தின்போது ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஒரு கடவு எண் வரும் என்கிறார்கள். அந்தக் கைபேசி பெரும்பாலும் தந்தையுடையது. தந்தை பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் ஏழாவது மாடியில் நிற்கிறார். மகள் அரூரில் மையத்தின் முன் வரிசையில் நிற்கிறாள். எண்ணின் ஆயுள் சில நிமிடங்கள். அவர் அழைப்பை எடுத்து, எண்ணைத் தேடிக் கண்டு, எழுத்தறிவு இல்லையெனில் பக்கத்தில் உள்ளவரைப் படிக்கச் சொல்லி, மகளிடம் ஒப்பிப்பதற்குள் அது காலாவதியாகிவிடுகிறது. அடுத்தவர் முறை வருகிறது. தீர்த்தமலையிலிருந்து அரூர் 16 கிலோமீட்டர். மறுநாள் மீண்டும் பேருந்து, மீண்டும் ஒரு நாள் கூலி இழப்பு.

பெயர்ச் சிக்கலோ இதனினும் கொடிது. தந்தையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் முனுசாமி, குடும்ப அட்டையில் முனிசாமி, ஆதாரில் முனியசாமி. பிள்ளைக்குத் தமிழில் முதலெழுத்து ஒன்று, ஆங்கிலத்தில் வேறொன்று. ஊரில் இவையெல்லாம் ஒரே ஆள், கணினிக்கு மூவர். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பள்ளி அணியப்படுத்தும் மாதங்களிலேயே கவனித்தால் இதைத் திருத்துவது எளிது. மே மாதத்தில் கவனித்தால் அதுவே பெரும் மதிலாகிவிடும்.

மலையாளிப் பழங்குடியினரின் நிலையையும் சொல்ல வேண்டும்; சித்தேரி மலையிலும் அதன் அடிவாரங்களிலும் அவர்களே மிகுதி. பழங்குடிகள் பட்டியலில் அவர்களது பெயர் மாவட்டங்களைக் குறிப்பிட்டே இடம்பெற்றுள்ளது: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அது வேறொரு வழக்கு. அவர்கள் நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள். நம் பகுதியில் இடமிருந்தும் சிக்கல் ஓயவில்லை. பழைய பள்ளிப் பதிவுகளில் தந்தையின் சாதியாக அவரது பட்டப்பெயரான 'கவுண்டர்' என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கும். அதைக் கண்டதும் விசாரணை நீளும். உறவினர் சான்று, ஊரார் வாக்குமூலம் என்று தாள்கள் கூடும். இவற்றைத் திரட்டப் பதினேழு வயதுப் பிள்ளை தனியாக எத்தனை வாயில்களில் நிற்பாள்?

நாம் அறிந்த ஒருத்தி நின்றாள். மலையூர்ப் பெண், 487 மதிப்பெண். வேதியியல் படித்து ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் விருப்பம். அவள் தந்தையின் பதிவேட்டிலும் மேற்சொன்ன ஒற்றைச் சொல்தான் இருந்தது. சான்றுக்கு அவள் விண்ணப்பித்தது முடிவு வெளியான பிறகு. அரசுக் கலைக் கல்லூரிகளின் இணைய விண்ணப்பமோ முடிவை ஒட்டியே தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். சான்று கைக்கு வந்தபோது கலந்தாய்வு முடிந்து வகுப்புகள் தொடங்கியிருந்தன. இதற்காக எந்த அலுவலகத்தின் மீதும் நாம் பழி சுமத்தவில்லை. விசாரணைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் வழக்கமானதே. பழி எங்கே என்பது நமக்குத் தெரியும். அந்தப் பெண் அதே ஆண்டு சனவரியில் நாம் நடத்திய முகாமின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தாள். கையேடும் வாங்கிச் சென்றாள். 'உன் சாதிச் சான்று வந்துவிட்டதா? தந்தையின் பதிவேட்டை எடுத்து வா, பார்ப்போம்' என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. நம் அறிக்கையில் அவள் 'பயன்பெற்ற மாணவர் 140 பேரில்' ஒருத்தி.

ஆடியில் அவளும் பனியன் ஆலைக்குப் போனாள். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாமே என்று சொல்லி அனுப்பினோம். தம்பியின் படிப்புக்குச் சம்பளம் தேவைப்படுகிறது என்று பதில் வந்தது.

இனி நமக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றைப் பார்ப்போம். 'இப்போது எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது. விரல் நுனியில் கல்லூரி' என்பார்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பம் 2020 முதல் இணையவழிக்கு மாறியது உண்மை. பதிவுக்கு இரண்டு ரூபாய், விண்ணப்பத்துக்கு 48 ரூபாய் என்று கட்டணமும் மிகக் குறைவாகவே வைக்கப்பட்டது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இரண்டு ரூபாய் செலுத்தினால் போதும். நெல்லிக்காய் மூட்டையைப் போலச் சிதறிக் கிடந்த விண்ணப்பங்களை ஓரிடத்தில் கட்டி வைத்ததற்காக அரசைப் பாராட்டத்தான் வேண்டும். முன்பெல்லாம் கல்லூரி கல்லூரியாகப் பேருந்தேறிப் படிவம் வாங்கி, வங்கியில் வரைவோலை எடுத்து, தன் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையோடு அனுப்புவோம். பச்சை மையில் சான்றொப்பம் இட ஓர் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரைத் தேடி அலைந்த தலைமுறை நம்முடையது. அந்த அலைச்சல் குறைந்தது. ஆனால் குறைந்தது யாருக்கு? வீட்டில் கணினியும் அதைப் பார்த்துச் சொல்ல ஓர் அண்ணனும் உள்ளவனுக்கு. இல்லாதவனுக்கு முன்பு கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஒரு மனிதராவது இருந்தார்; கடிந்து பேசினாலும் விடை சொன்னார். இன்று திரையில் சிவப்பெழுத்தில் 'பிழை' என்று தோன்றுகிறது. என்ன பிழை என்று கேட்க ஆளில்லை.

'அரசு எவ்வளவோ செய்கிறது' என்பது மற்றொரு வாதம். செய்கிறது, மறுக்கவில்லை. முதல் பட்டதாரிகளுக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன்: மாதம் ஆயிரம் ரூபாய். நான் முதல்வன், கல்லூரிக் கனவு, விண்ணப்பிக்காமல் விடுபட்டவர்களைத் தேடும் உயர்வுக்குப் படி என்று திட்டங்களின் பெயர்கள் நீளுகின்றன. ஆனால் திட்டம் என்பது சமைத்து வைத்த சோறு. பந்தி எங்கே நடக்கிறது என்று தெரிந்தவனுக்கே அது பசி தீர்க்கும். 7.5 விழுக்காட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் ஓராண்டு மட்டும் மாமா வீட்டில் தங்கித் தனியார் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது கிடையாது. தனக்குக் கிடையாது என்பதைக் கலந்தாய்வு நாளில்தான் அவன் அறிகிறான். முதல் பட்டதாரிச் சலுகை அண்ணன் பட்டம் பெற்றிருந்தால் தம்பிக்கு இல்லை. இவற்றையெல்லாம் கையேட்டில் அச்சிட்டுத்தான் கொடுத்தோம், பதினான்காம் பக்கத்தில்!

தகவல் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற இந்த எண்ணத்தை உடைக்க வேறொரு நாட்டின் சோதனையை வாசகர்முன் வைக்க விரும்புகிறோம். அமெரிக்காவில் கல்லூரி நிதியுதவிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஓர் அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 2008இல் எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் லாங் முதலிய நான்கு ஆய்வாளர்கள், ஒஹையோவிலும் வட கரோலினாவிலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஒரு நிறுவனத்தின் அலுவலகங்களுக்கு வந்த எளிய குடும்பத்தினரை மூவகையாகப் பிரித்தனர். ஒரு சாராருக்கு, வரிக் கணக்கு முடிந்த அதே மேசையில், அதே அலுவலர் பக்கத்தில் இருந்து அந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. மற்றொரு சாராருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும், கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்ற தகவல் மட்டும் தெளிவாகத் தரப்பட்டது. மூன்றாம் சாராருக்கு வழக்கமான துண்டறிக்கை. 2012இல் வெளியான முடிவைப் பாருங்கள். பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுக்கப்பட்ட குடும்பங்களின் பள்ளி இறுதியாண்டு மாணவரில், இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தோர் 28 விழுக்காட்டிலிருந்து 36 ஆக உயர்ந்தனர். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. பின்னாளில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு இதே படிவத்தை நினைவூட்டிச் செய்திகள் அனுப்பிப் பார்த்தார்கள். அதனாலும் கல்லூரியில் சேர்ந்தோர் எண்ணிக்கை உயரவில்லை.

நம் முகாம் அந்த இரண்டாம் சாராருக்குத் தரப்பட்ட தகவல். நாம் வாட்சப்பில் தள்ளிவிடும் அறிவிப்புகள் அந்த எட்டு இலட்சம் நினைவூட்டல்கள். பலன் தந்தது பத்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்த ஒருவர். கடல் கடந்த ஆய்வு எதற்கு, நம் பாட்டிமார்க்குத் தெரியாததா என்று கேட்பீர்கள். தெரியும்தான். ஆனால் அறிக்கைக்கும் படத்துக்கும் பழகிப்போன நமக்கு எண்ணால் சொன்னால்தான் உறைக்கிறது.

நாம் அமராத அந்த இருக்கை காலியாக இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தை பிறந்ததும் சில தனியார் கல்லூரிகளின் ஆள்கள் ஊர் ஊராக வருகிறார்கள். அவர்களுக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், மதிப்பெண் தெரியும், தாயின் கைபேசி எண்ணும் தெரியும். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காப்பி குடிக்கிறார்கள். பேருந்து வசதி, விடுதி, வேலை உறுதி என்கிறார்கள். மாற்றுச் சான்றையும் மதிப்பெண் பட்டியலையும் 'பத்திரமாக வைத்திருப்போம்' என்று மூலமாகவே வாங்கிச் செல்கிறார்கள். பின்னர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அவற்றை மீட்கப் பணம் கேட்கப்படுகிறது. மாணவரின் மூலச் சான்றுகளைக் கல்வி நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது என்றும், இடம் விட்டு விலகுவோர்க்குக் கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஐயா, இது முறையன்று" என்று உடன் சென்று பேச ஒருவர் வேண்டாமா? தரகனைத் திட்டுவது எளிது. திண்ணைக்கு வந்தவன் அவன் ஒருவனே என்பது நமக்கு வெட்கம்.

இன்னொரு வாதமும் உண்டு. அதை வெளியே உரக்கச் சொல்வதில்லை, உள்ளே வைத்திருப்போம். 'நம்மை யார் கைப்பிடித்துச் சேர்த்தார்கள்? நாமே முட்டி மோதித்தானே வந்தோம்?' இது பொய். நெஞ்சில் கைவைத்து நினைத்துப் பார்ப்போம். புகுமுக வகுப்புக் காலத்திலும், 1978இல் மேனிலைக் கல்வி வந்த பின்னும், நம் ஒவ்வொருவர் கதையிலும் ஒருவர் இருக்கிறார்: 'வா, நானும் வருகிறேன்' என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேலத்துக்கோ திருச்சிக்கோ உடன் வந்த தலைமையாசிரியர், அல்லது அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்த சித்தப்பா, அல்லது விடுதிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த ஒரு குரு. கதையைத் திரும்பச் சொல்லும்போது அவரை விட்டுவிடுகிறோம். அவர் இருந்தால் கதாநாயகன் சற்றுச் சிறுத்துவிடுகிறான் போலும்.

உடன் அமர்வது எப்படி என்பதிலும் நாம் தவறியிருக்கிறோம். அதை மறைத்தல் முறையன்று. சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மாணவனுக்கு நாமே படிவத்தை நிரப்பினோம். விசைப்பலகை நம் கையில். அவன் பின்னால் நின்றான். அவன் தாவரவியல் என்றான். வணிகவியலுக்குத்தான் வேலை என்று நாம் அதை முதல் விருப்பமாக இட்டோம். இடம் கிடைத்தது. நம் மகிழ்ச்சிக்கு அளவில்லை. இரண்டாம் பருவத் தேர்வுக்கு அவன் போகவில்லை. ஏன் என்று கேட்டபோது, "உங்ககிட்ட எப்படிங்க வேணாம்னு சொல்றது" என்றான். உதவி பெறுபவனிடம் மறுக்கும் உரிமையை நாம் பறித்திருந்தோம், நன்றியைக் காட்டியே. அன்றுமுதல் விசைப்பலகையைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். தட்டச்சு மெதுவாகத்தான் நடக்கும், நடக்கட்டும். கடவுச்சொல்லைப் பிள்ளையே உருவாக்கித் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலின் வரிசையே எல்லாம் என்பதால், எதை மேலே வைக்கிறாய், ஏன் என்று கேட்கலாம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மூன்று நிமிட மௌனத்தைப்போலக் கடினமான பணி வேறில்லை.

பெண்பிள்ளையெனில் பெற்றோரோடும் அமர வேண்டும். 'புள்ளையத் தனியா அரூர் அனுப்புறதே யோசனையா இருக்குதுங்க' என்னும் தந்தையிடம் பெண்கல்வியின் மாண்பு பற்றிச் சொற்பொழிவாற்றுவது வீண். அவர் கேட்பது மாலைப் பேருந்து எத்தனை மணிக்கு, விடுதியில் யார் பொறுப்பு, அதே ஊரிலிருந்து இன்னொரு பெண் போகிறாளா என்பவை. இவற்றுக்கு விடை தெரிந்துகொண்டு போக வேண்டும். முந்தைய ஆண்டு கல்லூரியில் சேர்ந்த ஒருத்தியை உடன் அழைத்துச் சென்றால் நாம் பேசவே தேவையில்லை. தாயும் அவளும் அடுப்படியில் பேசி முடித்துவிடுவார்கள். தை மாசியில் பெண் பார்க்க வருவோரின் பேச்சையும் அவளே எதிர்கொள்வாள், நம்மைவிட நயமாக.

தேர்ச்சி பெறாதவர்களை நம் முகாம்கள் அழைப்பதே இல்லை. பதாகையில் அவர்கள் இல்லை, அறிக்கையிலும் இல்லை. ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு. அதில் வென்றால் அதே ஆண்டே காலியிடங்களுக்கு விண்ணப்பிக்க வழியிருக்கிறது. ஆனால் முடிவு வந்த அன்று அவன் வீட்டுக்குச் செல்வோர் யார்? ஆறுதல் சொல்லவே கூசி, தெருவை மாற்றிக்கொண்டு போகிறோம். பத்து நாள் கழித்து அவன் ஒசூர் ஆலை ஒன்றில் இரவுப்பணியில் இருக்கிறான். துணைத்தேர்வுக்குக் கட்டணம் செலுத்தும் கடைசி நாள் அதற்குள் போய்விடுகிறது. நம்மைக் கேட்டால், முதலில் செல்ல வேண்டிய வீடு அதுதான். பதாகையில் படம் வந்த பிள்ளைக்கு ஒரு நாள் தாமதமானால் குடி முழுகாது.

ஆகவே, இந்த ஆண்டு மண்டபம் எடுக்க வேண்டாம் என்று நம் நண்பர்களிடம் சொல்லிவிட்டோம். சிலருக்கு வருத்தம். சிறப்பு விருந்தினர் ஒருவர் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். மண்டபத்துக்கும் தேநீருக்கும் ஆகும் தொகை ஏறத்தாழ நூறு பிள்ளைகளுக்கு இ-சேவைக் கட்டணம் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள், அதற்குமேல் கூடாது என்று பிரித்துக்கொண்டோம். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆனியிலேயே பெயர்கள் குறிக்கப்பட்டன. ஐப்பசிக்குள் பெயர்த் திருத்தங்கள், மார்கழிக்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று ஓராண்டே செல்லும் என்பதால் அது தைக்குப் பின். ஆள் போதவில்லை. அரூர்க் கல்லூரியில் படிக்கும் மூத்த மாணவர் நால்வர் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மைவிட இணையம் தெரியும், மேலும் அவர்கள் சொன்னால் பிள்ளைகள் 'வேண்டாம்' என்று தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். நகரங்களில் வேலையில் இருக்கும் இவ்வூர்ப் பட்டதாரிகளுக்கும் எழுதினோம். பணம் அனுப்பட்டுமா என்று பலர் கேட்டனர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றோம். இதுவரை இருவர் வந்திருக்கிறார்கள்.

தீர்த்தமலையில் இரும்புக் கனிமம் இருக்கிறதென்று நிலவியலார் பல காலம் முன்பே அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து சென்ற ஆண்டு தேர்வெழுதிய பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று நம் சங்கப் பதிவேட்டைப் புரட்டினோம். வரவேற்புரை ஆற்றியவர் பெயர் இருந்தது, நன்றியுரை ஆற்றியவர் பெயரும் இருந்தது. ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். முதல் பக்கத்துப் பெண்ணுக்கு முதல் பட்டதாரிச் சான்று வந்துவிட்டது. குடும்ப அட்டையில் தந்தை பெயர் திருத்தம் நிலுவை. இரண்டாம் பக்கத்துப் பையன் கணிதத்தில் அஞ்சுகிறான். சனிக்கிழமை மாலைகளில் ஒருவர் செல்கிறார். மூன்றாம் பக்கத்துப் பிள்ளையின் தந்தை பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வருகிறார். கைபேசி எண்ணை மாற்றி ஆதாரோடு இணைக்க அந்த நான்கு நாள்கள்தாம் உள்ளன. அவற்றில் மையம் திறந்திருக்கும் நாள் எது என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறோம்.